பொய்க் கதவுக்கு மஞ்ச குங்குமம்

எங்க பங்களாவுல ஒரு கதவு இருந்துச்சி. அது கதவே இல்ல. அதப்பத்தி சொல்லணும்னா மொதல்ல பங்களாவப் பத்தி சொல்லணும். எங்க பங்களான்றேன், சிரிக்காதீங்க. நாங்க இருந்தது அதோட லாயத்துல. வெள்ளக்காரத் தொர குதுர கட்ன எடம். எங்க நைனா அங்க வாட்ச்மேன். மொத குதுர நின்ன எடத்துலதான் நான் பொறந்தேன், வளந்தேன்.

நைனா போயி இன்னும் வருஷம் திரும்பல. அத நெனச்சா மொதல்ல சிரிப்புதான் வருது. அப்பாலதான் மத்ததெல்லாம். அது அப்பிடி ஆளு, நான் இன்னா பண்றது.

கும்மிடிப்பூண்டி டேசன்ல எறங்கி, மெட்ராஸ் ரோட்டத் தாண்டி, ஏரிக்கர மேலயே நடந்தா மாந்தோப்பு வரும். இப்போ போனா கம்பெனி காம்பவுண்டு செவுருதான் தெரியும். நான் சொல்றது அதுக்கு முன்னாடி. தோப்புக்குள்ள குனிஞ்சி குனிஞ்சி போயி நிமிந்தா, எதுர்க்க வெள்ளையா நிக்கும். நடுவுல பெரிய கட்டடம். முன்னாடி உருண்ட தூணுங்க, அதுங்க தலைக்கு மேல முக்கோணமா ஒரு நெத்தி. ரெண்டு பக்கமும் ரெக்க மாதிரி ரெண்டு சின்ன கட்டடம். இடது ரெக்க சமையக்கட்டு, வலது ரெக்க லாயம். இந்தப் பக்கம் எத்தினி ஜன்னலோ அந்தப் பக்கமும் அத்தினி. இங்க ஒரு பூச்சாடி இருந்தா அங்க ஒரு பூச்சாடி. நடுவுல புடிச்சி மடிச்சா கர மேல கர ஒக்காரும், பொடவ மடிக்கிறோம் பாருங்க, அந்த மாதிரி.

நைனா சொல்லும், "அந்தத் தொர யாரப் பாத்தும் ஒத்தக் கண்ணு அடிச்சிருக்க மாட்டான். அடிச்சா ரெண்டயும் சேத்துதான் அடிச்சிருப்பான்."

ஒரு தபா மெட்ராஸ்லேந்து கேமராவோட சில பேரு வந்தாங்க. தூண தடவிப் பாத்தாங்க, ஜன்னல அளந்தாங்க. இது ரொம்ப பழசு, சீமையில ஒரே பேரு வெச்ச நாலு ராஜா வரிசையா ஆண்ட காலத்து மோஸ்தருன்னு நைனாகிட்ட சொன்னாங்க. நாலு பேருக்கும் ஒரே பேரான்னு நைனா திரும்பத் திரும்ப கேட்டுச்சி. ஆமான்னாங்க. அப்போ ரெண்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம், கணக்கு சரியாப் போச்சின்னு சொல்லிட்டு அவங்களுக்கு எளநி வெட்டப் போயிடுச்சி.

தொர போனப்பால மெட்ராஸ்ல மாங்கா மண்டி வெச்சிருந்தவரு ஒருத்தரு அத வாங்கினாரு. அவருக்கு வேண்டியது தோப்பு. பங்களா, தோப்போட கூட வந்த பூன மாதிரி. அதுபாட்டுக்கு இருந்துச்சி. காய் பறிக்கிற சீசன்ல ஆளுங்க வந்து ஹால்ல மாங்கா கொட்டி வெப்பாங்க. மத்த நாளெல்லாம் எங்க ராஜ்ஜியம்.

அந்தத் தூணுங்கள என்னால மறக்க முடியாது. முட்ட வெள்ளக்கரு, தயிரு, கடுக்காத் தண்ணி எல்லாம் ஊத்தி அரச்ச சுண்ணாம்பாம். கன்னத்த வெச்சா ஐஸு. சித்திர வெயில்ல தூண கட்டிப்புடிச்சிகினு நின்னுகினே தூங்கியிருக்கேன். பெரிய வாசக்கதவுக்கு மேல விசிறிய விரிச்சி வெச்ச மாதிரி அரவட்டமா கண்ணாடி. காலங்காத்தால வெயிலு அது வழியா வந்து கருப்பு வெள்ள கல்லுத் தரையில இன்னொரு விசிறி போடும். நானும் நைனாவும் அந்த விசிறிக்குள்ளதான் ஒக்காந்து நாஷ்டா துன்னுவோம். வெயிலு நகர நகர நாங்களும் தட்ட எடுத்துகினு நகருவோம். மாடிப்படி மரத்துல. கீழ ஒரு தூணு கூட தாங்காது, செவுத்த ஒட்டிகினு வளஞ்சி வளஞ்சி தானா மேல போவும். அதுல நான் கைப்புடி மேல வழுக்கினு வருவேன், அம்மா வெளக்கமாத்த எடுத்துகினு வரும்.

லாயம் வேற மாதிரி. அதுல எல்லாமே குதுரைக்கு. வாசலுக்கு மேல வில்லு மாதிரி வளச்சி செங்கல்லு கட்டியிருக்கும். கதவ குறுக்கால ரெண்டா வெட்டியிருக்கும். மேல் பாதிய மட்டும் தொறந்தா குதுர தலைய வெளிய நீட்டும். குதுர போயி எங்கம்மா நீட்டிச்சி. கீரக்காரம்மா வந்தா அம்மா கீழ் பாதிய தொறக்காமயே அது மேல மொழங்கைய ஊனிகினு பேசும். அப்போ நைனா உள்ளேந்து குதுர மாதிரி கனைக்கும். கீரக்காரம்மா வாய்ல முந்தானைய வெச்சிகினு சிரிக்கும். அம்மா மட்டும் சிரிக்காது. எங்கம்மா சிரிச்சி நான் பாத்தது ரொம்ப கம்மி. வெளையாட்டு புடிக்காது அதுக்கு. நைனாவ கட்டிகினு எப்பிடித்தான் இருந்துச்சோ.

தரை உள்ளேந்து வாசலுக்கு சாஞ்சிகினு வரும். குதுர மூத்தரம் தானா காவாய்க்கு ஓடணும்னு தொர பண்ண வேல. அதனால எங்க ஊட்டுல எதுவும் வெச்ச எடத்துல நிக்காது. தக்காளி, சொம்பு, உருளக்கெழங்கு, எல்லாம் வாசலுக்குக் கெளம்பிடும். ஒரு தபா சொந்தக்காரரு ஒருத்தருக்கு எல போட்டு ரசம் ஊத்தினா, அது சோத்த உட்டுட்டு நேரா அவரு மடிக்குப் போச்சி. எங்க ரசத்துக்குக் கூட விருந்தாளி யாருன்னு தெரியும்னு நைனா சொல்லிச்சி. அவரு அப்பால வரவே இல்ல.

செவுத்தோரமா கருங்கல்லுல தீனித் தொட்டி இருந்துச்சி, குதுரைக்கு கொள்ளு வெக்கறது. என்ன கைக்கொழந்தையில அதுல பழந்துணி போட்டு படுக்க வெப்பாங்களாம். பூச்சி பொட்டு ஏறாது. ஊருக் கொழந்தைக்கெல்லாம் தொட்டிலு, உனக்கு தொட்டி, ஒரு எழுத்துதான் கம்மின்னு நைனா சொல்லும். இஸ்கூல்ல புள்ளைங்க என்ன கொள்ளு துன்னியாடின்னு கேட்டு ஓட்டுவாங்க. நான் அழுதுகினு வந்து சொன்னேன். மறுநாளு நைனா கொள்ளு அவிச்சி, வெங்காயம் தாளிச்சி, தூக்கு நெறைய குடுத்தனுப்பிச்சி. மொத்த க்ளாஸும் நக்கி நக்கி துன்னுச்சி. இப்போ எல்லாரும் குதுரதான், இனிமே யாரு யார கேலி பண்றதுன்னு நைனா கேட்டுச்சி. அஞ்சாவதோட நான் நின்னுட்டேன். ஆனா அந்த சுண்டலுக்காக வாத்தியாரு ரொம்ப நாளு என்ன விசாரிச்சாராம்.

சரி, கதவு.

ஹாலுக்குள்ள போனா இடது பக்கம் ஒரு தேக்குக் கதவு. மேல சின்னதா ஒரு முக்கோண நெத்தி, பித்தளையில உருண்ட கைப்புடி. தொறந்தா சமையக்கட்டுக்குப் போவலாம். வலது பக்கம் அதே கதவு, அதே நெத்தி, அதே கைப்புடி. ஆனா இழுத்தா வராது, தள்ளினா போவாது. வெறும் செவுத்து மேல பலகைய அறஞ்சி வெச்சிருந்தாங்க. ஏன்னா அந்தப் பக்கம் லாயம். சாப்புடற எடத்துக்கு குதுர லத்தி நாத்தம் வரக்கூடாது. ஆனா இடது பக்கம் கதவு இருந்து வலது பக்கம் மொட்ட செவுரா இருந்தா தொரைக்கு சோறு எறங்காதே. அதனால பொய்க் கதவு.

இது தொரைக்குத் தெரியும், எங்க நைனாவுக்குத் தெரியும். மாங்கா பறிக்க வந்த பொம்பளைங்களுக்குத் தெரியாது. நம்ம ஊர்ல கதவுல பூட்டு தொங்கினா ஆளு இல்லன்னு அர்த்தம். பூட்டே இல்லாம கதவு தொறக்கலன்னா உள்ள சாமி இருக்குதுன்னு அர்த்தம். யாரோ ஒரு பொம்பள மொதல்ல மஞ்ச பூசி குங்குமம் வெச்சிருக்குது. அடுத்த சீசன்ல இன்னொருத்தி எலுமிச்சம்பழம். நான் நடக்கக் கத்துகினப்போ அது கதவம்மா ஆயிடுச்சி. ஆடியில கூழு கூட ஊத்துவாங்க. பித்தள கைப்புடிக்கு மூக்குத்தி போட்ட மாதிரி குங்குமம்.

கதவம்மாவுக்கு எல்லாரவிட பெரிய பக்த எங்க அத்த. நைனாவோட அக்கா. ஒரு டேசன் தள்ளி கவரப்பேட்டையில குடும்பம். நெல்ல மனசு, ஆனா சட்டம் பேசும். எது ஆவும், எது ஆவாது, எந்தக் கால முன்னாடி வெக்கணும், எல்லாம் அதுக்குத் தெரியும். ஒரு தபா அதோட ஊட்டுக்காரரு, எங்க மாமா, சூளூர்பேட்ட பக்கம் செங்கச் சூளைக்கு வேலைக்குப் போயி ரொம்ப நாளு தகவலே இல்ல. அத்த வந்து கதவம்மா முன்னாடி கற்பூரம் ஏத்தி, எம் புருஷன் வருவானா மாட்டானா, ஒரு வார்த்த சொல்லு தாயேன்னு அழுதுச்சி. கதவு சொல்லிச்சி. டங், டங். கொஞ்சம் நின்னு, டங்.

நடந்தது இன்னான்னா, பொய்க் கதவுக்கு நேர் பின்னாடிதான் எங்க ஊடு. அந்த செவுத்துல, தீனித் தொட்டிக்கு மேல, குதுர கட்ற இரும்பு வளையம் ஒண்ணு இருந்துச்சி. அதோட ஆணி செவுத்தத் தாண்டி அந்தப் பக்கம் பலகையில போயி முட்டிகினு இருந்துச்சி. இங்க வளையத்தத் தூக்கி உட்டா அங்க ஹால்ல கதவே பேசற மாதிரி கேக்கும். அன்னிக்கி அதுல எங்க ஆட்ட கட்டியிருந்தோம். ஆடு இழுத்துச்சி. அவ்ளோதான். அடுத்த வாரம் மாமா ஒரு பெரிய பூசணிக்காயத் தூக்கிகினு சிரிச்சிகினே வந்துட்டாரு.

அதுலேந்து அத்த எதுக்கெடுத்தாலும் உத்தரவு கேக்க வந்துடும். நைனாவுக்கு பேஜாராப் போச்சி. ஆட்ட நம்ப முடியுமா? அக்கா ஏமாந்து போவக்கூடாதேன்னு அதுவே தட்ட ஆரம்பிச்சிது. ஆடு தட்ன கணக்கிலயே, ரெண்டு, கொஞ்சம் நின்னு, ஒண்ணு. ஆனா நெல்ல கேள்வியா இருந்தாதான் தட்டும். மருமவள அவ அம்மா ஊட்டுக்கு தொரத்திடலாமான்னு அத்த ஒரு தபா கேட்டப்போ, நைனா வளையத்த கையால இறுக்கிப் புடிச்சிகினு சத்தமே வராம நின்னுச்சி. அத்த நெறைய நேரம் பாத்துட்டு, தாயி சம்மதிக்கலன்னு பெருமூச்சு உட்டுட்டு ஊட்டுக்குப் போயி மருமவளுக்கு கருவாட்டுக் கொழம்பு வெச்சிக் குடுத்துச்சாம்.

சாமியோட வெளையாடாதன்னு அம்மா திட்டும். நான் வெளையாடலடி, சாமி லீவுல போயிருக்குது, நான் பாத்துக்கறேன்னு நைனா சொல்லும். அம்மா அந்த வளையத்த தொட்டதே இல்ல. தொடைக்கறதுக்குக் கூட.

நான் ஹால்ல தனியா வெளையாடிகினு இருந்தா எனக்கும் தட்டும். ரெண்டு, நின்னு, ஒண்ணு. நானும் பலகைய திருப்பித் தட்டுவேன். சோறு ரெடின்னு அர்த்தம். சில நாளு ஒண்ணும் இல்லாமயே தட்டும். நான் கீறேன்னு அர்த்தம்.

எனக்கு கல்யாணம் அந்த ஹால்லதான்னு நைனா சின்ன வயசுலேந்தே சொல்லிகினு இருந்துச்சி. தோப்புக்காரரு கிட்ட கேட்டு உத்தரவும் வாங்கி வெச்சிருந்துச்சி. போன வருஷம் மாப்புள அமஞ்சாரு. திருவாலங்காட்டு பக்கம் ஊரு, கும்மிடிப்பூண்டியில இரும்புக் கம்பெனியில வேல. பொண்ணு பாக்க வந்தப்போ அவரு காப்பித் தம்ளர கீழ வெச்சாரு. அது வாசலப் பாத்து கெளம்பிடுச்சி. எல்லாரும் பாத்துகினு இருக்க, அவரு காலால அணை போட்டு நிறுத்தி, ஒண்ணும் ஆவாத மாதிரி எடுத்துக் குடிச்சாரு. எனக்குப் புடிச்சிப் போச்சி. நைனாவுக்கும். இவன் நம்ம ஊட்டுல பொழைக்க தெரிஞ்சவன்னு சொல்லிச்சி.

ஐப்பசி மழையில நைனாவுக்கு காச்சலு வந்துச்சி. சாதாரண காச்சலுன்னு நெனச்சோம். கண்ணு மஞ்சளா ஆனப்போதான் ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போனோம். வண்டியில போவ சொல்ல கூட, குதுர வண்டியில கூட்டினு போயிருக்கலாம், நம்ம தகுதிக்கு அதான்னு சொல்லிச்சி. அதுக்கப்புறம் அது பேசினது எதுவும் எனக்குப் புரியல.

காரியம் முடிஞ்ச மறுநாளு நான் ஹாலுக்குப் போயி பொய்க் கதவத் தட்னேன். பைத்தியம்னு நெனச்சாலும் பரவால்ல. ரெண்டு, நின்னு, ஒண்ணு. காத கதவுல வெச்சிகினு நின்னேன். மஞ்ச வாசன மட்டும் வந்துச்சி.

அப்பா செத்தா வருஷம் திரும்பறதுக்குள்ள பொண்ண கட்டிக் குடுத்துடணும், இல்லன்னா தள்ளிப் போட்டுகினே போவணும். அது அத்தையோட சட்டம். வைகாசியில நாளு குறிச்சாங்க. அதே நேரத்துல தோப்புக்காரரு தோப்ப பங்களாவோட சேத்து கம்பெனிக்கு வித்துட்டாரு. இடிக்கிறதுக்கு மேஸ்திரி ஒருத்தரு ஆளுங்களோட வந்து எறங்கினாரு. அம்மாவுக்கு கம்பெனியில பெருக்கற வேலையும், லைன் ஊட்ல ஒரு ரூமும் தரேன்னாங்க. அது பெரிய உதவி. கல்யாணம் முடியற வரைக்கும் ஹால தொடமாட்டோம்னு மேஸ்திரி அம்மாகிட்ட சொன்னாரு. ஆனா தேக்கு மரத்துக்கு ஆளு காத்துகினு இருந்தாங்க. அதனால கதவு ஜன்னல மட்டும் கழட்டினாங்க. பொய்க் கதவயும் பேத்துட்டாங்க. அத்த வந்து பாத்துட்டு மேஸ்திரிய புடிச்சி வாங்கு வாங்குன்னு வாங்கிச்சி. பாவம், அந்த மனுஷன் கன்னத்துல போட்டுகினு, மேல இருந்த முக்கோண நெத்தியயும் நெலையயும் அப்பிடியே உட்டுட்டாரு. நெலைக்கு நடுவுல வெறும் செங்கல்லு, அதுல ஒரு ஓரமா எங்க வளையத்தோட ஆணி மொன ஒண்ணு மூக்கு மாதிரி நீட்டிகினு இருந்துச்சி. அத்த செங்கல்லுக்கே மஞ்ச பூசி, ஆணிக்கு குங்குமம் வெச்சிச்சி. பலக போனா இன்னா, தாயி உள்ளதான கீறான்னு சொல்லிச்சி.

இடது பக்கம் ஓட்டை, வலது பக்கம் செவுரு. தொர மட்டும் பாத்திருந்தா அங்கியே மாரடச்சி உழுந்திருப்பான்.

எனக்கு அதெல்லாம் பெருசா தெரியல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் மனசுல. எங்கம்மா என் கல்யாணத்துல நிக்கணும். நைனாவும் இல்ல, அம்மாவும் இல்லன்னா நான் யாரு முன்னாடி தல குனியறது? அத்தகிட்ட கேட்டேன். அத்த என் தலைய தடவிகினே முடியாதுன்னு சொல்லிச்சி. தாலியறுத்தவ வாசல் வழியா மணவறைக்கு எதுர்க்க வரக்கூடாது, தாலித் தட்ட தொடக்கூடாது, அது உன் நல்லதுக்குத்தான்டின்னு சொல்லிச்சி. சொல்ல சொல்ல அதுவும் அழுதுச்சி. செத்தது அதுக்கும் தம்பிதான. மாப்புள ஊட்டுப் பெரியவங்களும் அதான் வழக்கம்னாங்க.

அம்மாகிட்ட போயி நீயாவது கேளுன்னேன். அம்மா அரிசி பொடச்சிகினே சொல்லிச்சி, "நான் வரலடி. நாளிக்கி உனக்கு ஒரு தலவலி வந்தா கூட என்னாலதான்னு எனக்கே தோணும். நான் இங்கியே ஒக்காந்துகினு கேட்டுக்கறேன். செவுருதான நடுவுல."

அம்மாகிட்ட எனக்கு வந்த கோவம் நைனா செத்ததுக்குக் கூட வரல.

கல்யாணத்தன்னிக்கி ஹாலு பாக்க அம்சமா இருந்துச்சி. ஜன்னல் இல்லாததால நாலா பக்கமும் தோப்புக் காத்து. தூணுக்கெல்லாம் வாழ மரம். வாசலுக்கு மேல விசிறிக் கண்ணாடிய மேஸ்திரி எனக்காக கழட்டாம உட்டிருந்தாரு. அந்த விசிறி வெயிலு விழற எடத்துலதான் மணவற போட்டாங்க. அம்மா விடியறதுக்கு முன்னாடியே எல்லா வேலையும் முடிச்சிட்டு, லாயத்துக்குள்ள போயி கதவ சாத்திகினுச்சி. மேல் பாதி, கீழ் பாதி, ரெண்டயும்.

மேளம் நின்னுச்சி. அய்யரு தாலித் தட்ட பெரியவங்க கிட்ட தொட்டு வாங்கினு வாங்கன்னு குடுத்தாரு. அத்த அத வாங்கினு நேரா கதவம்மா முன்னாடி போயி நின்னுச்சி. மொதல்ல உத்தரவு கேக்கணுமாம். நைனா போனதுலேந்து அத்த உத்தரவே கேக்கல. இப்போ கேக்குது. தட்றதுக்கு யாரு இருக்கா? பதிலு வரலன்னா தாயி சம்மதிக்கலன்னு தட்ட கீழ வெச்சிடும், அத்த அப்பிடிப்பட்ட ஆளு.

அத்த கற்பூரத்த ஏத்திச்சி. "தாயே, தம்பி இல்லாத கல்யாணம். அவன் பொண்ணுக்கு தாலி ஏறலாமா? ஒரு வார்த்த சொல்லு."

ஒண்ணும் கேக்கல. காத்துல வாழ எல அசஞ்சிச்சி. மாப்புளையோட அம்மா மாமாவப் பாத்தாங்க. மாமா மாடிப்படியப் பாத்தாரு. கற்பூரம் பாதி கரஞ்சிடுச்சி.

டங், டங்.

கொஞ்சம் நின்னு, டங்.

அத்த கன்னத்துல போட்டுகினு தாயே தாயேன்னுச்சி. மேளக்காரரு ரெண்டு தட்டு தட்னாரு. நான் மணவறையிலேந்து எழுந்துட்டேன். அழுவறேனா சிரிக்கிறேனான்னு எனக்கே தெரியல. அந்த வளையத்த வாழ்க்கையில தொடாத எங்கம்மா தட்டியிருக்குது. எனக்காக.

"அத்த," ன்னேன். "அது அம்மா."

"இன்னாடி சொல்ற?"

"செவுத்துக்கு அந்தப் பக்கம் எங்க ஊடு, அத்த. அங்க ஒரு வளையம் இருக்குது. இப்போ தட்னது அம்மா. இத்தினி வருஷமா தட்னது நைனா."

அத்த என்னயும் செவுத்தயும் மாத்தி மாத்தி பாத்துச்சி. நான் எதையோ ஒடச்சிட்டேன்னு தோணிச்சி. ரொம்ப மெதுவா கேட்டுச்சி, "மருமவளப் பத்தி கேட்டேனே, அப்போ?"

"நைனா வளையத்தப் புடிச்சிகினு நின்னுச்சி."

"உங்க மாமா வருவாரான்னு மொத மொத கேட்டேனே?"

"அது ஆடு, அத்த."

மாமாதான் மொதல்ல சிரிச்சாரு. ஆடு சொல்லித்தான் என்ன ஊட்டுக்குள்ள சேத்தியான்னு கேட்டாரு. அத்தைக்கு சிரிப்பு வந்துடுச்சி. சிரிச்சிகினே கீழ ஒக்காந்துடுச்சி. திருட்டுப் பய, திருட்டுப் பயன்னு தரையில அடிச்சிகினு சிரிச்சி, அது எப்போ அழுகையா மாறிச்சின்னு தெரியல. தாலித் தட்ட மட்டும் மடியில கெட்டியா புடிச்சிகினு இருந்துச்சி.

அப்போதான் மாப்புள வாயத் தொறந்தாரு. அதுவரைக்கும் அவரு கொரல நான் சரியா கேட்டதில்ல. "வாசல் வழியா எதுர்க்க வரக்கூடாதுன்னு தான சொன்னீங்க? இது வாசலே இல்லையே. பொய்க் கதவு தான. தொறந்தா அவங்க அங்கேந்தே பாக்கலாமே."

எல்லாரும் அத்தையப் பாத்தாங்க. அத்த மூக்கத் தொடச்சிகினு அவரயே பாத்துச்சி. சட்டத்துல எடம் இருக்குதான்னு யோசிக்கிது, மொகத்துலயே தெரிஞ்சிது. அப்பால மேஸ்திரியத் திரும்பிப் பாத்துச்சி.

மேஸ்திரி பந்திக்கு எல போட நின்னுகினு இருந்தாரு. செவுத்த வந்து தட்டிப் பாத்தாரு. இது தொர மொதல்ல தொறந்து கட்ன வழிதான், நாத்தம் தாங்காம அப்பால அடச்சிருக்கான், அரச் செங்கல்லு கனம்தான், வெறும் களிமண்ணு பூச்சின்னு சொன்னாரு. எப்பிடியும் நாளன்னிக்கி ஒடைக்கப் போறதுதானன்னு கேட்டுகினே வேட்டிய மடிச்சிக் கட்டிகினாரு. ஆளு ஒருத்தன் கடப்பாரைக்கு ஓடினான். அத்த மொதல்ல அந்த எடத்துக்கு கற்பூரம் காட்டிச்சி. அப்பால, நெத்தி மேல படாம இடின்னு சொல்லிச்சி.

அம்மா, தள்ளி நில்லுன்னு நான் கத்தினேன். அம்மாவுக்கு இன்னா நடக்குதுன்னே புரிஞ்சிருக்காது. மேஸ்திரி மெதுவா குத்தினாரு. ஒரு கல்லு உள்ள போச்சி. அப்பால கொத்தா போச்சி. அய்யரு தோளுல இருந்த துண்ட எடுத்து அக்கினிய மூடிகினாரு. தூசு அடங்கினதும் பாத்தா, முக்கோண நெத்திக்குக் கீழ, நெலைக்கு நடுவுல, மூஞ்சியெல்லாம் செம்மண்ணு பூசிகினு எங்கம்மா நின்னுகினு இருக்குது. இடுப்புக்குப் பக்கத்துல எங்க ஆடு. அந்தப் பழைய ஆட்டோட பேத்தி. அதுவும் எட்டிப் பாக்குது.

நான் பாத்து மொத மொறையா அந்த ஹாலுல ரெண்டு பக்கமும் நெஜமாவே ஒண்ணா இருந்துச்சி. இடது பக்கம் ஒரு வழி, வலது பக்கம் ஒரு வழி.

அம்மா வரமாட்டேன்னு தலைய ஆட்டிச்சி. ரெண்டடி பின்னாடி போச்சி. அத்த எழுந்து, தாலித் தட்ட எடுத்துகினு அந்த வழிகிட்ட போச்சி. உள்ள காலு வெக்கல. தட்ட மட்டும் நீட்டிச்சி.

"தொடு," ன்னுச்சி.

"வேணாம் அண்ணி. ஆவாது."

"எது ஆவும், ஆவாதுன்னு எனக்கு நீ சொல்றியா? நான் உத்தரவு கேட்டேன். நீதான குடுத்த? குடுத்தவ தொடாம வேற யாருடி தொடறது?"

அம்மா கைய பொடவையில தொடச்சிச்சி. இந்தப் பக்கம் தொடச்சிச்சி, அந்தப் பக்கம் தொடச்சிச்சி. மண்ணு போவவே இல்ல. அப்பிடியே ஒரு வெரலால தாலிய தொட்டுச்சி. தாலியில செம்மண்ணு ஒட்டிகினுச்சி. அத இன்னிக்கும் நான் முழுசா கழுவல, மஞ்ச கயித்துல ஒரு எடத்துல இருக்குது.

தாலி கட்டற நேரத்துல நான் முன்னாடி பாக்கணும். பாக்கல. அந்த வழியயே பாத்துகினு இருந்தேன். "திரும்பாதடி, அங்க பாரு, கழுத்த காட்டு," ன்னு அம்மா அங்கேந்து அதட்டிச்சி. எல்லாரும் சிரிச்சாங்க. மாப்புள மூணாவது முடிச்ச ரெண்டு தபா போட்டாரு. மேளம் உச்சிக்குப் போச்சி. அம்மாகிட்ட அட்சத இல்ல. பக்கத்துல மொறத்துல இருந்த பச்சரிசிய கை நெறைய அள்ளி அந்த ஓட்ட வழியா வீசிச்சி. பாதி மேஸ்திரி தலையில விழுந்துச்சி, மீதிய ஆடு துன்னுச்சி.

மேளம் அடங்கினப்பால ஒரு சத்தம். செவுருல பாதி இடிஞ்சும் வளையம் ஓரத்துல தொங்கிகினு இருந்துச்சி போல. டங், டங். கொஞ்சம் நின்னு, டங். அம்மாவா, ஆடான்னு நான் பாக்கல.

அத்த கற்பூரத் தட்டோட நின்னுகினு இருந்துச்சி. அந்தப் பக்கமா லேசா தலைய சாச்சி, பேசிகினு இருக்கறவங்களுக்கு பதிலு சொல்ற மாதிரி, "கேக்குது தம்பி, கேக்குது," ன்னுச்சி. அப்பால எல்லாரயும் பந்திக்கு ஒக்காரச் சொல்லிச்சி.